டோமிங்கோஸ் பிராகாவிலேயே இருந்திருக்கலாமா?

டப்ளின், 2011 மே 18. ஐரோப்பிய கிளப்புகளின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக்கின் இறுதி ஆட்டம். மோதிய இரண்டுமே போர்ச்சுகல் அணிகள், போர்த்தோவும் பிராகாவும். இரண்டாம் பாதி அப்போதுதான் தொடங்கியிருந்தது. இடைவேளையில் மாற்று ஆட்டக்காரராக இறங்கிய பிராகாவின் மொஸ்ஸொரோ காலில் பந்து. எதிரே போர்த்தோவின் கோல்கீப்பர் ஹெல்தன் மட்டும். மொஸ்ஸொரோ அடித்தார், ஹெல்தன் காலை நீட்டித் தடுத்துவிட்டார். அவ்வளவுதான். முதல் பாதியின் 44-வது நிமிடத்தில் ஃபல்காவ் தலையால் முட்டிப் போட்ட ஒரே கோல் கடைசிவரை நின்றது. போர்த்தோ 1, பிராகா 0. ஆட்டம் முடிந்தபோது நம் ஊரில் அதிகாலை இரண்டு மணி. டீவியை அணைத்துப் படுத்த பிறகும் எனக்குக் கோட்டோரம் நின்ற பிராகா பயிற்சியாளரின் நினைப்பாகவே இருந்தது.

டோமிங்கோஸ் பசியென்சியா. அப்போது வயது 42. போர்த்தோவுக்காகவே வருடக்கணக்கில் கோல் அடித்த பழைய ஸ்ட்ரைக்கர். பயிற்சியாளரான பின் வந்த மிகப் பெரிய ஆட்டத்தில், தான் வளர்ந்த வீட்டிடமே தோற்றிருந்தார். பசியென்சியா என்றால் போர்ச்சுகீசிய மொழியில் பொறுமை. ஆனால் அந்த மே மாதம் முடிவதற்குள் அவர் லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் கிளப்பில் சேர்ந்துவிட்டார். அடுத்த பிப்ரவரியில் வேலை போனது. அதற்குப் பிறகு அவர் பழைய உயரத்துக்கு வரவே இல்லை.

நடந்து முடிந்த கதையை வைத்து 'அன்றைக்கே தெரியும்' என்று சொல்வது சுலபம். அதைச் செய்யப் போவதில்லை. அந்த மே மாதத்தில் அவர் முன்னால் என்னென்ன வழிகள் இருந்தன, ஒவ்வொன்றிலும் என்ன லாபம், என்ன ஆபத்து என்று அப்போது கையில் இருந்த தகவலை வைத்தே எடை போட்டுப் பார்க்கலாம். பின்னால் நடந்ததையும் இடையிடையே சேர்த்துக்கொள்வேன். அதைத் தொடாமல் இருக்க யாராலும் முடியாது.

ஆள் எப்படிப்பட்டவர்

போர்த்தோ நகரை ஒட்டிய துறைமுகப் பகுதியான லெசா டா பல்மெய்ராவில் 1969-ல் பிறந்தவர். போர்த்தோவின் இளையோர் அணியிலேயே வளர்ந்தார். ஒல்லியான உடம்பு, டிஃபெண்டரோடு மோதி ஜெயிக்கிற ரகம் இல்லை. இரண்டு டிஃபெண்டர்களுக்கு நடுவில் கிடைக்கிற அரை அடி இடைவெளியில் நழுவி உள்ளே போகிற ரகம். போர்த்தோவோடு 7 லீக் பட்டங்கள். 1995-96 பருவத்தில் 25 கோல் போட்டு லீக்கின் முதலிடம். ஐரோப்பிய நாடுகள் மோதும் 1996 யூரோ போட்டியில் குரோஷியாவுக்கு எதிராக ஒரு கோல். நடுவில் ஸ்பெயினின் டெனரிஃபே அணியில் இரண்டு பருவம் ஆடிவிட்டு, மறுபடி போர்த்தோவுக்கே வந்து 2001-ல் ஓய்வு பெற்றார்.

பயிற்சியாளர் வேலையை அவர் கீழேயிருந்துதான் ஆரம்பித்தார். போர்த்தோவின் பி அணி, பிறகு லெய்ரியா, பிறகு கோயம்பிரா நகரின் அகாடெமிகா. 2009-ல் அகாடெமிகாவை ஏழாம் இடத்தில் நிறுத்திவிட்டு பிராகாவுக்கு வந்தார். பிராகாவில் அதுவரை இருந்த ஜோர்ஜ் ஜெசுஸ் அப்போதுதான் பென்ஃபிகாவுக்குப் போயிருந்தார்.

ஸ்ட்ரைக்கராக இருந்தவர் பயிற்சியாளரானால் அணி எப்போதும் தாக்கி ஆடும் என்று நாம் நினைப்போம். டோமிங்கோஸின் பிராகா அதற்கு நேர் எதிர். 2009-10 லீக்கில் 30 ஆட்டம் ஆடி அவர்கள் வாங்கிய கோல் வெறும் 20. அந்தச் சுவரை வைத்துக்கொண்டு 71 புள்ளிகளோடு இரண்டாம் இடம் பிடித்தார்கள். போர்த்தோ மூன்றாவது. பட்டம் பென்ஃபிகாவுக்கா பிராகாவுக்கா என்பது கடைசி நாள் ஆட்டம்வரை இழுத்தது. ஒரு ஸ்ட்ரைக்கருக்கு எது எரிச்சலூட்டும் என்பது அவருக்குத் தெரியும் அல்லவா? அந்த அரை அடி இடைவெளியை அடைப்பதையே தன் அணிக்குக் கற்றுக்கொடுத்தார் என்று எனக்குத் தோன்றும்.

அடுத்த பருவம் இன்னும் வேடிக்கை. ஐரோப்பாவின் முதல் நிலைப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்றில் ஸ்காட்லாந்தின் செல்டிக்கை வெளியேற்றி, பிறகு ஸ்பெயினின் செவியாவை அதன் சொந்த மைதானத்திலேயே 4-3 என்று ஜெயித்தார்கள். அதில் லீமா ஹாட்ரிக். குழுச் சுற்றின் முதல் ஆட்டத்தில் ஆர்சனல் 6-0 என்று பிய்த்து எறிந்தது. இரண்டு மாதம் கழித்து அதே ஆர்சனலை பிராகாவில் 2-0 என்று வென்றார்கள். இரண்டு கோலும் மத்தேயுஸ், இரண்டும் கடைசிப் பத்து நிமிடத்தில். குழுவில் மூன்றாமிடம் வந்து யூரோப்பா லீக்குக்கு இறங்கிய பிறகு வந்த ஸ்கோர்களைப் பாருங்கள். லிவர்பூலோடு 1-0, 0-0. டைனமோ கீவோடு 1-1, 0-0. அரையிறுதியில் பென்ஃபிகாவோடு 1-2, 1-0, வெளியூர் கோல் கணக்கில் தப்பித்தார்கள் (இரண்டு ஆட்டத்தின் மொத்தமும் சமமானால், வெளியூரில் அதிக கோல் போட்ட அணிக்கே வெற்றி என்பது அன்றைய விதி). இது ஒரு குறிப்பிட்ட வகைக் கால்பந்து. எதிரி பெரியவன், பந்தை அவனே வைத்துக்கொள்ளட்டும், நாம் பின்னால் நெருக்கமாக நின்று, அவன் தவறும்போது பாய்வோம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மேலே பேசப்போவதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

பிராகாவிலேயே இருப்பது

முதல் வழி, ஒன்றும் செய்யாமல் இருந்த இடத்திலேயே இருப்பது. கேட்க மந்தமாக இருக்கும். ஆனால் இதில் நிறைய விஷயம் இருக்கிறது.

பிராகாவின் மைதானத்தைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். ஊர் ஓரத்து மலையில் கல் வெட்டிய குவாரிக்குள் கட்டியது. நீளவாக்கில் இரண்டு பக்கம் மட்டும் கேலரி. ஒரு கோல்போஸ்டுக்குப் பின்னால் வெட்டுத் தழும்போடு பாறை நிற்கிறது. எதிர்ப்பக்கம் திறந்த வெளி. இரண்டு கேலரியின் கூரைகளையும் தலைக்கு மேலே இரும்புக் கம்பிகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. 2004 யூரோவுக்காக எதுவார்டோ சோட்டோ டி மோரா வடிவமைத்தது. அவருக்குக் கட்டடக் கலையின் பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்ததும் இதே 2011-ல்தான். சுமார் 30,000 பேர் உட்காரலாம். அங்கே போய் ஆடும் பெரிய அணிகளுக்கு அந்தப் பாறையைப் பார்த்தாலே ஒரு மாதிரி இருக்கும் என்று நினைக்கிறேன், ஆர்சனலைக் கேட்டால் தெரியும்.

விளையாட்டை விடுவோம். பிராகாவில் இருப்பதன் உண்மையான லாபம், அங்கே தோற்றால் யாரும் செத்துவிட மாட்டார்கள் என்பதுதான். போர்ச்சுகல் லீக்கை பென்ஃபிகா, போர்த்தோ, ஸ்போர்ட்டிங் என்ற மூன்று பெரியவர்களைத் தவிர வேறு அணி ஜெயித்தது இரண்டே முறை. 1946-ல் பெலெனென்செஸ், 2001-ல் போவாவிஷ்டா. பிராகா ஒருமுறைகூட இல்லை. ஆகவே பிராகா நான்காவதாக வந்தால் அது கௌரவமான வருடம், மூன்றாவதாக வந்தால் திருவிழா. தலைவர் அந்தோனியோ சல்வடோர் 2003-லிருந்து நாற்காலியில் இருப்பவர். மேலிடம் நிலையாக இருக்கும் கிளப்பில் பயிற்சியாளருக்கு ஒரு மோசமான நவம்பர் வந்தாலும் தாண்டிவிடலாம்.

சரி, எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்போம். அதுவும் வலுவானதுதான். பிராகா விற்றுப் பிழைக்கும் கிளப். இரண்டாமிடம் வந்த அணியின் கோல்கீப்பர் எதுவார்டோ 2010 கோடையிலேயே இத்தாலிக்குப் போய்விட்டார். ஆர்சனலுக்கு இரண்டு கோல் போட்ட மத்தேயுஸ் ஜனவரியில் உக்ரைனுக்கு. டப்ளின் முடிந்ததும் கோல்கீப்பர் ஆர்த்தர் பென்ஃபிகாவுக்கு, சில்வியோ ஸ்பெயினுக்கு, டிஃபெண்டர் அல்பெர்த்தோ ரோட்ரிகஸ் ஸ்போர்ட்டிங்குக்கு. இருந்திருந்தால் டோமிங்கோஸ் மறுபடி முதலிலிருந்து சுவர் கட்ட வேண்டும். லீக்கிலும் 2010-11-ல் பிராகா நான்காவதுதான், அதுவும் 46 புள்ளிகளோடு. இரண்டாமிடத்திலிருந்து நான்காமிடம். இன்னொரு வருடம் இருந்து ஆறாமிடம் வந்தால், டப்ளின் தந்த பெயர் கரைந்துவிடும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்றுதான் எந்த ஏஜென்ட்டும் காதில் ஓதியிருப்பார்.

ஆனால் அந்த வாதத்தை அடுத்த வருடமே ஒருவர் உடைத்துக் காட்டினார். டோமிங்கோஸ் விட்டுப்போன நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் லியோனார்டோ ஜார்டிம். தொழில்முறை ஆட்டக்காரராகவே இருந்ததில்லை. ஆட்கள் போன அதே அணியை வைத்துக்கொண்டு 62 புள்ளிகள், மூன்றாமிடம். டோமிங்கோஸ் ஆரம்பித்த ஸ்போர்ட்டிங் அதற்கு மூன்று புள்ளி கீழே நான்காவது. அப்படியென்றால் பிராகாவின் கிணறு வற்றியிருக்கவில்லை.

ஸ்போர்ட்டிங்

இரண்டாவது வழி அவர் நிஜமாகவே போன வழி. இதை முட்டாள்தனம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அருமையான வேலை. நாட்டின் மூன்று பெரியவர்களில் ஒன்று. லிஸ்பனில் அல்வலாடே மைதானம். உலகத்துக்கே ஃபீகோவையும் கிறிஸ்டியானோ ரொனால்டோவையும் அனுப்பிவைத்த அகாடமி. கையில் இரண்டு வருட ஒப்பந்தம். புதிதாகத் தேர்தலில் ஜெயித்து வந்த தலைவர் கொதின்யோ லோப்பஸ், பணத்தை அவிழ்க்கத் தயாராக இருந்தார். அந்தக் கோடையில் ஒரு டசனுக்கு மேல் புது ஆட்டக்காரர்கள்: வான் வொல்ஃப்ஸ்விங்கல், ஸ்கார்ஸ், கபெல், எலியாஸ், ரினாவ்டோ, இன்சுவா, ஜெஃப்ரென், போஜினோவ். பெரிய கிளப்பைக் கேட்டு வாங்கும் வயதும் சரிதான். 42-ல் போகாமல் எப்போது போவது?

உள்ளே எட்டிப் பார்த்தால் கதை வேறு. ஸ்போர்ட்டிங் கடைசியாக லீக் ஜெயித்தது 2002-ல். 2010-11-ல் மூன்றாவது வந்தார்கள் என்பது உண்மை. ஆனால் 48 புள்ளிகள், சாம்பியன் போர்த்தோவுக்கு 36 புள்ளி கீழே. 2009 நவம்பரில் பாவ்லோ பென்டோ விலகிய பிறகு ஒன்றரை வருடத்தில் மூன்று பயிற்சியாளர்கள் வந்து போயிருந்தார்கள். இதெல்லாம் மே மாதத்திலேயே எல்லோரும் பார்க்கக் கிடந்த தகவல். புது ஆட்கள் ஒரு டசன் என்பதைக்கூட நான் லாபக் கணக்கில் எழுத மாட்டேன். டோமிங்கோஸின் சுவர் ஒரே நாளில் எழுந்ததில்லை. யார் எங்கே நிற்பது, யார் போனால் யார் அடைப்பது என்பது பழகப் பழக வருவது. பத்துப் பன்னிரண்டு அந்நியர்களை ஜூலையில் கொடுத்து ஆகஸ்டில் ஜெயிக்கச் சொன்னால் அந்தச் சுவர் எழாது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று. பிராகா ஆடும்போது எதிரணி முன்னால் வரும், அதனால் பின்னால் இடம் கிடைக்கும். ஸ்போர்ட்டிங் ஆடும்போது எதிரணி பத்துப் பேரோடு கோல்முன் உட்கார்ந்துகொள்ளும். சின்ன அணிகளான ஒல்யானென்செயும் பெய்ரா-மாரும் ஸ்போர்ட்டிங்கைப் பார்த்தால், பிராகா ஆர்சனலைப் பார்த்து எப்படி ஆடியதோ அப்படித்தான் ஆடுவார்கள். தான் இரண்டு வருடம் மற்றவர்களுக்கு வைத்த பூட்டை இப்போது டோமிங்கோஸே திறக்க வேண்டும். முதல் மூன்று லீக் ஆட்டங்களைப் பாருங்கள். ஒல்யானென்செயோடு 1-1, பெய்ரா-மாரோடு 0-0, மரித்திமோவிடம் சொந்த மைதானத்தில் 2-3. பெரிய அணி ஒன்றுகூட இல்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், பிறகு அணி எழுந்தது. செப்டம்பரிலிருந்து வரிசையாக வெற்றிகள். யூரோப்பா லீக் குழுவில் லாசியோ இருந்தும் முதலிடம். போர்ச்சுகல் கோப்பையில் இறுதிப் போட்டிக்கு இடம். ஆனால் குளிர்காலத்தில் லீக் ஆட்டங்கள் கைநழுவின. பிப்ரவரியில் மதீரா தீவில் அதே மரித்திமோவிடம் 0-2. 13-ம் தேதி டோமிங்கோஸ் வெளியே.

அவர் இடத்துக்கு வந்தவரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ரிக்கார்டோ சா பின்டோ. அவரும் பழைய முன்வரிசை ஆட்டக்காரர், ஸ்போர்ட்டிங் ரசிகர்களின் செல்லப்பிள்ளை, அப்போது ஸ்போர்ட்டிங்கின் இளையோர் அணிப் பயிற்சியாளர். பொறுமைக்கும் இவருக்கும் ரொம்ப தூரம். 1997-ல் தேசிய அணியில் சேர்க்கவில்லை என்ற கோபத்தில் பயிற்சிக்களத்துக்கே போய்த் தேசியப் பயிற்சியாளரை அடித்து, ஓராண்டுத் தடை வாங்கியவர். இவருக்குக் கிடைத்ததோ டோமிங்கோஸ் உழுதுவைத்த நிலம். பதவியேற்ற மூன்றாம் நாள் வார்சாவில் லெகியாவோடு யூரோப்பா லீக் ஆட்டம். அதைத் தாண்டி மான்செஸ்டர் சிட்டி. முதல் ஆட்டத்தில் டிஃபெண்டர் ஷந்தாவ் குதிகாலால் தட்டிப் போட்ட கோலில் 1-0, மறு ஆட்டத்தில் 2-3 தோற்றும் வெளியூர் கோலில் தப்பித்தார்கள். அந்த மே மாதம் இங்கிலாந்து சாம்பியன் ஆன சிட்டி அது! அரையிறுதியில் ஸ்பெயினின் பில்பாவோதான் நிறுத்தியது. போர்ச்சுகல் கோப்பை இறுதியில் தோற்றது யாரிடம் தெரியுமா? டோமிங்கோஸின் பழைய அகாடெமிகாவிடம், 0-1. அக்டோபரில் விடியோட்டன் என்ற ஹங்கேரி அணியிடம் 0-3 வாங்கியதும் சா பின்டோவும் வீட்டுக்கு. ரசிகர்களின் செல்லப்பிள்ளைக்கே எட்டு மாதம்தான் கிடைத்தது என்றால், போர்த்தோவிலிருந்து வந்தவர் எத்தனை நாள் எதிர்பார்த்திருக்க முடியும்?

இதே நாற்காலிக்கு 2013-ல் ஜார்டிம் வந்தார். ஸ்போர்ட்டிங் அதற்கு முந்தைய பருவத்தில் ஏழாவது, கிளப் வரலாற்றிலேயே மோசமான இடம். காசு இல்லை, அகாடமிப் பையன்கள்தான். யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. இரண்டாமிடம் வந்தார், மொனாக்கோ கூப்பிட்டுக்கொண்டது, 2017-ல் அங்கே பிரான்ஸ் சாம்பியன். அதனால் ஸ்போர்ட்டிங் என்ற வேலையைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. பெரிய வாக்குறுதிகளோடு புதுத் தலைவர் வந்த வருடத்தில் போனதுதான் தப்பு. அடிமட்டம் தொட்ட கிளப்பில் மேலே போக மட்டும்தான் வழி இருக்கும்.

போர்த்தோவுக்குக் காத்திருப்பது

இதை ரசிகர்கள் இன்னமும் பேசுவார்கள், அதனால் தொட்டுவிட்டுப் போகிறேன். டோமிங்கோஸ் ஸ்போர்ட்டிங் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, போர்த்தோவின் பயிற்சியாளர் ஆந்த்ரே வில்லாஸ்-போவாஸை இங்கிலாந்தின் செல்சீ தூக்கிக்கொண்டது. ஒப்பந்தத்தை உடைக்க 15 மில்லியன் யூரோ. டப்ளினில் ஜெயித்தவரின் நாற்காலி ஜூன் மூன்றாம் வாரத்தில் காலி. கொஞ்சம் பொறுத்திருந்தால் அது டோமிங்கோஸுக்கு வந்திருக்குமோ?

வந்திருக்காது என்பதே என் எண்ணம். காரணம் 2010-லேயே இருக்கிறது. அந்தக் கோடையில் போர்த்தோவுக்குப் பயிற்சியாளர் தேவைப்பட்டார். தன் வீட்டுப் பிள்ளை, பிராகாவை போர்த்தோவுக்கும் மேலே இரண்டாமிடத்தில் நிறுத்தியவர், 50 கிலோமீட்டர் தூரத்தில்தான் இருந்தார். தலைவர் பின்டோ டா கோஸ்டா அவரை எடுக்கவில்லை. டோமிங்கோஸ் விட்டுவந்த அகாடெமிகாவில் வேலைசெய்துகொண்டிருந்த 32 வயது வில்லாஸ்-போவாஸை எடுத்தார். 2011-லும் வெளியே தேடாமல் துணைப் பயிற்சியாளர் விட்டோர் பெரெய்ராவையே உட்காரவைத்தார். பெரெய்ரா இரண்டு பருவத்தில் ஒரே ஒரு லீக் ஆட்டம் தோற்று இரண்டு பட்டமும் எடுத்தார். திறக்காத கதவு என்று முன்பே தெரிந்த வாசலில் வேலையில்லாமல் நிற்பதற்கு யாரும் யோசனை சொல்ல மாட்டார்கள். (அந்த வில்லாஸ்-போவாஸ் 2024 ஏப்ரலில் பின்டோ டா கோஸ்டாவையே தேர்தலில் தோற்கடித்து போர்த்தோவின் தலைவராகிவிட்டார். அந்த அகாடெமிகா நாற்காலியில் ஏதோ இருக்கிறது.)

ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். பிராகாவில் இருந்திருந்தால் போர்த்தோவுக்குப் போகும் கதவு குறைந்தபட்சம் சாத்தியே இருந்திருக்கும், பூட்டியிருக்காது. ஸ்போர்ட்டிங்குக்குப் போய்த் தோற்றவரை போர்த்தோ ரசிகர் கூட்டம் ஏற்றுக்கொள்வது கஷ்டம்.

வெளிநாடு

நான்காவது வழி, டப்ளின் சூட்டோடு நாட்டை விட்டே போவது. ஸ்பெயினில் இரண்டு வருடம் ஆடியவர், மொழி பிரச்சினை இல்லை. இதற்கு போர்ச்சுகலிலேயே ஒரு முன்னோடி இருந்தார், அதுவும் ஒரு ஸ்ட்ரைக்கர்: ஆர்தர் ஜோர்ஜ். சா பின்டோவிடம் அடி வாங்கிய அந்தத் தேசியப் பயிற்சியாளர் இவர்தான்.

ஆர்தர் ஜோர்ஜ் தனிப் பிறவி. பென்ஃபிகாவுக்கு ஆடி 1971, 72 என்று அடுத்தடுத்து இரண்டு முறை லீக்கில் அதிக கோல். கோயம்பிராவில் அகாடெமிகாவுக்கு ஆடிக்கொண்டே பல்கலைக்கழகத்தில் ஜெர்மானிய மொழிகள் படித்தவர். கவிதை எழுதி அச்சிலும் வந்தது. ஆட்டக்காரர் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். ஆட்டத்தை விட்டதும் கிழக்கு ஜெர்மனியின் லைப்ஸிக் போய்ப் பயிற்சியாளர் படிப்பு படித்து வந்தார். பிறகு பெத்ரோத்தோ என்ற பெரியவரிடம் துணைப் பயிற்சியாளராக இருந்து தொழில் பழகினார். 1987 மே 27, வியன்னா, ஐரோப்பியக் கோப்பை இறுதி. போர்த்தோவுக்கு எதிராக ஜெர்மனியின் பேயர்ன் 1-0 முன்னிலை. ஆட்டம் முடியப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது மஜேர் குதிகாலால் ஒன்று, சிறிது நேரத்தில் ஜுவாரி ஒன்று. போர்த்தோ ஐரோப்பிய சாம்பியன், பயிற்சியாளர் ஆர்தர் ஜோர்ஜ்.

அதே கோடையில் அவரும் கிளம்பினார், பாரிஸின் மத்ரா ரேசிங்குக்கு. அங்கே பணம் கொட்டிக் கிடந்தது, கோப்பை ஒன்றும் வரவில்லை. ஆனால் தோல்வி பிரான்ஸோடு நின்றது. 1989-ல் போர்த்தோ திரும்பவும் கூப்பிட்டது, வந்த உடனே லீக் பட்டம். பிறகு மறுபடி பாரிஸ், இந்த முறை பிஎஸ்ஜி, 1994-ல் பிரான்ஸ் சாம்பியன். அடுத்து அவர் செய்த பெரிய பிசகு உள்ளூர்ப் பெரிய கிளப்பில்தான் நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். சாம்பியனாக இருந்த பென்ஃபிகாவை 1994-ல் எடுத்துக்கொண்டு, ஒரு வருடத்துக்கு மேல் தாங்கவில்லை. அந்தக் காயம் வெகு நாள் பேசப்பட்டது.

இந்த ஒப்பீட்டில் என் கண்ணைத் திறந்தது இதுதான். உச்சத்தில் இருக்கும்போது கிளம்புவது தப்பில்லை. எங்கே கிளம்புகிறோம், அங்கே விழுந்தால் வீட்டுக்கு வர வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளிநாட்டில் விழுந்தால் ஊரில் பழைய பெயர் அப்படியே இருக்கும். லிஸ்பனில் விழுந்தால் மூன்று விளையாட்டுப் பத்திரிகையும் தினமும் எழுதும், நாடே பார்க்கும். ஆர்தர் ஜோர்ஜ் 1989-ல் திரும்பியபோது அந்த அணியில் 20 வயதுப் பையனாக ஆடியவர் டோமிங்கோஸ். இந்தப் பாடம் அவர் கண் முன்னாலேயே நடந்தது.

டோமிங்கோஸும் கடைசியில் வெளிநாடு போனார், ஆனால் தப்பான நேரத்தில். 2012 டிசம்பர் முடியும்போது ஸ்பெயினின் டெபோர்டிவோ லா கொருன்யா. லீக்கில் கடைசி இடத்தில் கிடந்த அணி, போர்ச்சுகல் ஆட்டக்காரர்கள் மட்டும் அரை டசனுக்கு மேல். ஆறு வாரத்தில் விலகினார். 2014-ல் துருக்கியின் கைசெரிஸ்போர், அதுவும் மூழ்கிக்கொண்டிருந்த படகு. பிறகு செதுபால், சைப்ரஸில் அபோயல், கடைசியாக பெலெனென்செஸ், அது 2018 ஜனவரியில் முடிந்தது. பெரிய நாற்காலியில் தோற்றவரைக் கூப்பிடுவது பெரும்பாலும் முங்கும் அணிகள்தான், அங்கே போய் மறுபடி தோற்பது சுலபம்.

நான் என்றால்

எனக்கு இரண்டு அளவுகோல்தான் முக்கியம். அந்த ஆளின் ஆட்டமுறை அந்த இடத்துக்குப் பொருந்துமா? அங்கே சறுக்கினால் எவ்வளவு இழப்பு?

ஆட்டமுறை என்று பார்த்தால் பிராகாவுக்குத்தான் முதலிடம். ஸ்பெயின் லீக்கில் நடுத்தர அணி ஒன்று அடுத்து வரும், அங்கேயும் எதிராளி பெரியவனாகவே இருப்பான். ஸ்போர்ட்டிங் கடைசி. சறுக்கினால் வரும் இழப்பைப் பார்த்தாலும் கிட்டத்தட்ட அதே வரிசை. சம்பளம், பெயர், சாம்பியன்ஸ் லீக் ஆசை இவற்றில் மட்டும்தான் ஸ்போர்ட்டிங் முன்னால் நிற்கிறது, அதிலும் அந்த வருடம் ஸ்போர்ட்டிங் ஆடப் போனது பிராகா ஆடிய அதே யூரோப்பா லீக்கில்தான். ஆக, இன்னும் ஒரு வருடம் பிராகாதான் என் ஓட்டு. அந்த ஒரு வருடத்தில் அவர் வேறு ஒன்றையும் செய்து பார்த்திருக்கலாம்: பின்னால் நிற்காமல் பந்தை வைத்துக்கொண்டு ஆடும் ஓர் அணியை, யாரும் விரட்டாத இடத்தில் பழக்கிப் பார்ப்பது. பெரிய கிளப்புக்குப் போக அதுதான் அவரிடம் குறைந்த சரக்கு. லெய்ரியா, அகாடெமிகா, பிராகா என்று எங்கும் அதற்குத் தேவையே வரவில்லை.

எதிராக ஒன்று சொல்வார்கள், அதற்கு என்னிடம் முழு பதில் இல்லை. டப்ளினில் தோற்ற ராத்திரி, எதிரில் கோப்பையைத் தூக்கிய பயிற்சியாளருக்கு வயது 33. தன்னைவிட ஒன்பது வயது சின்னவர், தான் விட்ட அகாடெமிகாவிலிருந்து நேராகத் தன் வீட்டுக்குள் போனவர். அதைப் பார்த்துக்கொண்டே நின்றவரிடம் போய், 'நீங்கள் குவாரி மைதானத்துக்கே திரும்பிப் போங்கள், இன்னும் ஒரு வருடம்' என்று சொல்ல எனக்கு வாய் வராது. மொஸ்ஸொரோவின் அந்தப் பந்து உள்ளே போயிருந்தால் ஒருவேளை அவராகவே திரும்பிப் போயிருப்பார்.